மூன்றாவது இடம் யாருக்கு?

தேனி ஜில்லாவில், சின்னமனூருக்குச் சற்றுத் தள்ளி, குச்சனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு நடுவே, சுரபி நதிக் கரையில், சனீஸ்வர பகவான் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் ஊர். மற்றக் கோயில்களில் ஒன்பது கிரகங்களோடு ஒருவராக நிற்கும் சனி பகவானுக்கு இங்கே தனிக் கோயில், தனி உற்சவம். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் போனவர்களுக்குத் தெரியும், அங்கே திரளும் கூட்டம் எப்பேர்ப்பட்டது என்று. எள் தீபத்தின் புகையில் கண் எரியும். ஆனாலும் வரிசையை விட்டு ஒருவரும் நகரமாட்டார்கள். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு குறை இருக்கிறதே!

இந்த ஊர் ஸ்தல புராணத்தை நீங்கள் கேட்டிருக்கலாம். தினகரன் என்ற அரசனுக்கு வெகு காலம் பிள்ளை இல்லை. அசரீரி சொன்னபடி, வீடு தேடி வந்த ஒரு சிறுவனை எடுத்து வளர்த்தான். அவன் பெயர் சந்திரவதனன். பிறகு அரசிக்கே ஒரு பிள்ளை பிறந்தது. பட்டம் யாருக்கு என்ற கேள்வி வந்தபோது, இருவரில் வளர்ப்பு மகன்தான் கெட்டிக்காரன் என்று கண்டு, அவனுக்கே முடிசூட்டினான் அரசன். அப்புறம் அரசனைச் சனி பிடித்தது. சந்திரவதனன் இரும்பினால் சனீஸ்வரன் உருவத்தைச் செய்து வைத்து, "என்னை வளர்த்தவருடைய துன்பத்தை எனக்குக் கொடு" என்று வேண்டினான். பகவான் மனமிரங்கி, ஏழரை வருஷத்தை ஏழரை நாழிகையாகக் குறைத்துக் கொண்டார் என்பது கதை. நம் கடிகாரக் கணக்கில் மூன்று மணி நேரம்.

பக்தர்கள் நினைவில் வைத்திருப்பது கதையின் பிற்பாதியை. எனக்கு முற்பாதியில்தான் மனம் நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகளில் ஒருவனை அரசன் தேர்ந்தெடுத்தான். நியாயமாகவே தேர்ந்தெடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அரண்மனையில், சொந்தப் பிள்ளையின் தாயார் என்ன சொல்லியிருப்பாள்? புராணம் அதைச் சொல்லவில்லை.

கோயில் வாசலில் ஒரு தகப்பனாரும் பிள்ளையும் நின்றிருந்தார்கள். பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். முழங்காலில் புழுதிக் காய்ப்பு. கபடிக்காரன் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம்.

"நல்லாத்தான் ஆடுனான் சார்" என்றார் தகப்பனார். "எல்லாரும் இவன் பேரு வரும்னுதான் சொன்னாங்க. லிஸ்ட்டு வந்துச்சு, இவன் பேரு இல்ல. யாரு எடுத்தாங்க, என்னத்தப் பாத்து எடுத்தாங்க, ஒண்ணும் தெரியல. சரி, ஒரு விளக்கப் போட்டுட்டுப் போவோம்னு வந்தோம்."

பையன் வாயைத் திறக்கவில்லை. கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டியலில் பெயர் இல்லாதது ஒரு வேதனை. ஏன் இல்லை என்று தெரியாதது அதைவிடப் பெரிய வேதனை. காரணம் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் சனி பகவான் வந்து உட்கார்ந்துகொள்கிறார். இது குச்சனூரில் மட்டும் நடக்கிற காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். நாலாயிரம் ரசிகர்கள் கண் முன்னால், டெலிவிஷன் வெளிச்சத்தில், பளபளவென்ற பனித்தளத்தின் மேல் ஆடுகிற பெண்களுக்கும் இதே கதிதான். அந்தக் கதையைச் சொல்லத்தான் உங்களை அழைத்தேன்.

* * *

கம்பம் பள்ளத்தாக்கில் ஐஸ் என்றால் சர்பத்துக்குள் போடுவது. அதன் மேல் நின்று நடனமாடுவது என்றால் நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஃபிகர் ஸ்கேட்டிங் என்கிற இந்தக் கலையில், பூட்ஸின் அடியில் எஃகுப் பட்டை பொருத்திக்கொண்டு பனித்தளத்தில் வழுக்கி ஓடுகிறார்கள். ஓடுகிற ஓட்டத்திலேயே எகிறி, ஆகாயத்தில் மூன்று நான்கு முறை பம்பரமாகச் சுழன்று, ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறார்கள். இந்தத் தாவல்களுக்கு, அவற்றை முதலில் செய்து காட்டியவர்களின் பெயரையே வைத்துவிட்டார்கள்: சால்கோ, அக்ஸல், லுட்ஸ் என்று. நம் சங்கீத உலகத்தில் பாணிக்கு வித்துவான் பெயரை வைக்கிறோமே, அந்த மாதிரி.

ஒருவருக்கு இரண்டு முறை ஆட்டம். முதலில் 2 நிமிஷம் 40 விநாடி. பிறகு 4 நிமிஷம். அவ்வளவுதான். அதற்காகக் குழந்தைப் பருவத்திலிருந்து விடியற்காலையில் எழுந்து, வருஷக்கணக்கில் விழுந்து விழுந்து பழகுகிறார்கள். ஒன்பது ஜட்ஜுகள் மார்க் போடுகிறார்கள். ஒவ்வொரு தாவலுக்கும், சுழற்சிக்கும் அதிகபட்சம் ஒரு மார்க்கையும் குறைந்தபட்சம் ஒரு மார்க்கையும் தள்ளிவிட்டு, மிச்சத்தைச் சராசரி பார்க்கிறார்கள். 2002-ம் வருஷ ஒலிம்பிக்கில் ஜோடி நடனத்தின்போது ஒரு பிரெஞ்சு ஜட்ஜின் மார்க்கைப் பற்றிப் பெரிய ரகளை ஆகி, இரண்டு ஜோடிகளுக்குத் தங்கம் கொடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் பழைய ஆறு மார்க் முறையை எடுத்துவிட்டு இந்தக் கணக்கைக் கொண்டுவந்தார்கள்.

சரி, ஒரு தேசத்திலிருந்து எத்தனை பேர் போகலாம்? இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. உலகப் போட்டிக்கு ஒரு தேசம் ஒவ்வொரு பிரிவிலும் ஓர் ஆளை அனுப்பலாம் என்பது அடிப்படை. இரண்டு மூன்று பேர் வேண்டுமானால், போன வருஷப் போட்டியில் அந்த தேசத்தவர் சம்பாதித்து வைத்திருக்க வேண்டும். போனவர்களில் முதல் இருவர் பிடித்த ஸ்தானங்களைக் கூட்டு. 13-க்குள் வந்தால் அடுத்த முறை மூன்று பேர். 28-க்குள் வந்தால் இரண்டு பேர். ஒரே ஆள் போயிருந்தால், அவர் முதல் இரண்டு ஸ்தானத்துக்குள் வந்தால் மூன்று, பத்துக்குள் வந்தால் இரண்டு.

இதன் விளைவைப் பாருங்கள். இந்த வருஷம் நீங்கள் ஆடுகிற ஆட்டம், அடுத்த வருஷம் வேறொருத்தி போகலாமா கூடாதா என்பதை முடிவு செய்கிறது. நீங்கள் சம்பாதித்துக் கொடுத்த இடத்தில் உட்காரப் போவது நீங்களாகவும் இருக்கலாம், உங்கள் போட்டியாளராகவும் இருக்கலாம். கூட்டுக் குடும்பத்துச் சொத்து மாதிரி. பாகப் பிரிவினையில் சண்டை வராமல் இருக்குமா?

* * *

முதல் சண்டை, தேசத்துக்குள் வந்த சண்டையே அல்ல. 1902-ம் வருஷம் லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கு மேட்ஜ் சயர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி தம் பெயரைக் கொடுத்தார். அதுவரை ஆண்கள்தான் ஆடியிருந்தார்கள். சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், பெண்கள் ஆடக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை! எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். அம்மணி இரண்டாவதாக வந்துவிட்டார். முதலில் வந்தவர், தாவலுக்குப் பெயர் கொடுத்த அதே ஸ்வீடன் தேசத்து சால்கோ.

உடனே சங்கத்தார் கூடிப் பெண்களுக்குத் தடை போட்டார்கள். சொல்லப்பட்ட காரணங்கள் ரசமானவை. நீளப் பாவாடை காலை மறைப்பதால் ஜட்ஜுகளுக்குக் கால் வேலை தெரியவில்லையாம். அதோடு, ஜட்ஜ் யாராவது ஆடுகிற பெண்ணின் மேல் காதல் கொண்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கவலையாம்! ஜட்ஜின் மனத்தைக் கட்டுப்படுத்த முடியாதென்றால் பெண்ணைத் தடை செய்வதா? இந்தத் தர்க்கம் நமக்கும் பழக்கமானதுதான். 1906-ல் பெண்களுக்கென்று தனிப் போட்டி வைத்தார்கள். மேட்ஜ் சயர்ஸ் அதில் ஜயித்தார், 1907-லும் ஜயித்தார், 1908-ல் லண்டன் ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கினார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஒவ்வொரு ஜனவரியிலும் தேசியப் போட்டி நடக்கிறது. அதில் முதல் மூன்று இடம் பிடித்தவர்கள்தான் போவார்கள் என்று ஜனங்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2014 ஜனவரியில் பாஸ்டன் நகரில் நடந்த போட்டியில் கிரேஸி கோல்ட் முதலாவது, பொலினா எட்மண்ட்ஸ் இரண்டாவது, மிராய் நாகாசு மூன்றாவது. ஆஷ்லி வாக்னர் என்பவர் விழுந்து எழுந்து நாலாவதாக வந்தார். ஒலிம்பிக்குக்கு மூன்று இடம். கமிட்டி கூடியது. பெயர்களை வாசித்தார்கள்: கோல்ட், எட்மண்ட்ஸ், வாக்னர்.

மிராய் நாகாசு, ஜப்பானிலிருந்து வந்து கலிபோர்னியாவில் சின்ன உணவு விடுதி நடத்தும் தம்பதியின் மகள். 2010 ஒலிம்பிக்கில் பதினாறு வயதில் நாலாவதாக வந்தவர். அவர் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. கமிட்டியின் சட்டம் அப்படி: தேசியப் போட்டி ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை, கடந்த வருஷத்துப் பெரிய போட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாக்னர் முந்தின இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன். 2013 உலகப் போட்டியில் அவர் ஐந்தாவது, கோல்ட் ஆறாவது. ஐந்தும் ஆறும் பதினொன்று. பதின்மூன்றுக்குள் வந்ததால்தான் அமெரிக்காவுக்கு அந்த மூன்றாவது இடமே கிடைத்தது! வாக்னர் சம்பாதித்த இடத்தை வாக்னருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று கேட்டார்கள் ஒரு கட்சியார். அப்படியானால் பாஸ்டனில் எதற்காகப் போட்டி வைத்தீர்கள், டிக்கெட் விற்பதற்கா என்று கேட்டார்கள் மறு கட்சியார். இரண்டு கேள்விக்கும் என்னால் 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை.

நாலு வருஷம் சென்றது. 2018 ஜனவரி. மறுபடி தேசியப் போட்டி. மறுபடி மூன்று இடம். இந்தத் தடவை மிராய் நாகாசு இரண்டாவது. ஆஷ்லி வாக்னர்? அதே நாலாவது இடம். அந்த மூன்று இடமும் எப்படி வந்தது தெரியுமா? 2017 உலகப் போட்டியில் கேரன் சென் நாலாவது, வாக்னர் ஏழாவது. கூட்டினால் மறுபடியும் பதினொன்று. வாக்னர் சம்பாதித்த இடம்தான். ஆனால் இம்முறை கமிட்டி முதல் மூன்று பேரையே அனுப்பியது. வாக்னர் வீட்டில் இருந்தார். நாகாசு தென் கொரியாவுக்குப் போய், முன்பக்கம் பார்த்துத் தாவி மூன்றரைச் சுற்று சுற்றும் மூன்று சுற்று அக்ஸலைச் செய்து காட்டினார். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

நாலு வருஷத்துக்கு முன்பும் கமிட்டி செய்தது நியாயம்தான் என்றால், நாலு வருஷம் கழித்துச் செய்ததும் நியாயம்தானா? சட்டம் ஏறக்குறைய அதேதான். நிறுத்துப் பார்த்தவர்கள் வேறு. பழைய சாதனையை எவ்வளவு எடையாக வைப்பது, நேற்றைய ஆட்டத்தை எவ்வளவு எடையாக வைப்பது என்பதுதான் எல்லாத் தகராறுக்கும் வேர். இரண்டும் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட்டால் பாதி அழுகை குறையும் என்பது என் அபிப்பிராயம்.

எழுதி ஒட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ரஷ்யாவைப் பாருங்கள். 2014 ஒலிம்பிக் அவர்கள் ஊரிலேயே, ஸோச்சியில். ஆனால் ஆண்கள் பிரிவில் அவர்களுக்கு ஒரே ஓர் இடம். முந்தின வருஷ உலகப் போட்டியில் மாக்ஸிம் கோவ்துன் என்ற இளைஞர் பதினேழாவதாக வந்துவிட்டார். அந்த ஒரே இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் இதே கோவ்துன். தேசியப் போட்டியில் முதலாவதாக வந்தவர். இன்னொருவர் யெவ்கேனி புளுஷென்கோ. 2006-ல் தங்கம் வாங்கிய மகாவீரர். வயது முப்பத்தொன்று, முதுகிலே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், கோவ்துனிடம் தோற்றவர். ஐரோப்பியப் போட்டியில் கோவ்துன் ஐந்தாவதாக வந்தார். அதே போட்டியில் வேறு இரண்டு ரஷ்யர்கள் வெள்ளியும் வெண்கலமும் வாங்கினார்கள். அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சங்கத்துப் பெரியவர்கள் முன்னிலையில் மட்டும் புளுஷென்கோ ஆடிக் காட்டினார். "இவரே போகட்டும்" என்றார்கள்.

போனார். குழுப் போட்டியில் பிரமாதமாக ஆடி ரஷ்யாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். நாலு நாள் கழித்துத் தனிப் போட்டி. மைதானம் நிரம்பி வழிகிறது. பயிற்சிக்கு வந்தவர் ஒரு தாவலில் முதுகைப் பிடித்துக்கொண்டார். நடுவரிடம் போய் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ரஷ்யாவின் அந்த ஒரே இடம் காலியாகவே போயிற்று. கோவ்துனும் மற்ற இருவரும் அன்றிரவு அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

* * *

தேர்வானவன் பாக்கியசாலி, தேர்வாகாதவன் துரதிருஷ்டசாலி என்று நினைத்துக்கொண்டே இருக்கிறோம். 1961 பிப்ரவரியில் அமெரிக்க அணி, பிராக் நகர உலகப் போட்டிக்காக நியூயார்க்கில் விமானம் ஏறியது. பிப்ரவரி 15 அன்று, பிரஸ்ஸல்ஸ் நகரத்தை நெருங்கும்போது விமானம் விழுந்தது. உள்ளே இருந்த 72 பேரும் மாண்டார்கள். அவர்களில் 18 பேர் அணியின் ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர்கள், ஜட்ஜுகள், கூடப் போன தாய்மார், தம்பி தங்கைகள் என்று குடும்பங்களே போயின. அந்த வருஷ உலகப் போட்டியையே ரத்து செய்தார்கள். ஜனவரியில் நாலாவதாக வந்து அழுதுகொண்டு வீடு திரும்பியவர்கள் பிழைத்தவர்கள் ஆனார்கள்.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் நகரில் விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்களே, நினைவிருக்கிறதா? அவர்களிலும் பலர் இந்தப் பனிச் சறுக்குக் குடும்பத்தவர். தேசியப் போட்டியை ஒட்டி, இளம் ஆட்டக்காரர்களுக்காக நடந்த முகாமிலிருந்து திரும்பிக் கொண்டிருந்தவர்கள். முகாமுக்கு அழைப்பு வந்தபோது அந்த வீடுகளில் எவ்வளவு கொண்டாட்டமாக இருந்திருக்கும்! இறந்தவர்களில் 1994-ன் உலக ஜோடிச் சாம்பியன்களான ஷிஷ்கோவா, நாவ்மோவ் தம்பதியும் உண்டு. அவர்களுடைய மகன் மாக்ஸிம் நாவ்மோவுக்கு 2026-ன் அமெரிக்க ஒலிம்பிக் அணியில் இடம் கிடைத்தது. பட்டியலில் பெயர் வந்ததைச் சொல்வதற்குத் தாயும் தகப்பனும் இல்லை.

நம் தேசத்தில் இந்தக் கலை எப்படி இருக்கிறது? சிம்லாவில் 1920-லிருந்து ஒரு பனித்தளம் உண்டு. வானம் பார்த்த பூமி மாதிரி, இராத்திரி உறைந்தால் காலையில் ஆட்டம், வெயில் வந்தால் தண்ணீர். டேராடூனில் 2011-ல் தெற்காசியக் குளிர்காலப் போட்டிக்காக ஒரு பெரிய அரங்கம் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பூட்டிவிட்டார்கள். வருஷக்கணக்கில் தூங்கிய அந்த அரங்கத்துக்கு 2025-ல்தான் மறுபடி விழிப்பு வந்தது. அமெரிக்காவில் இந்தியக் குடும்பத்தில் பிறந்து, அங்கேயே பழகி, இந்தியாவுக்காக ஆட வந்தவர் தாரா பிரசாத். நம் தேசிய சாம்பியனாகி, ஐரோப்பா தவிர்த்த தேசங்களுக்கான நான்கு கண்டப் போட்டிகளில் ஆடியிருக்கிறார். நமக்குத் தேர்வுத் தகராறு பெரிதாக இல்லை. கமிட்டியார் மண்டையை உடைத்துக்கொள்ளும் அளவுக்கு ஆட்கள் வேண்டாமா? சர்வதேசச் சங்கம் வைத்திருக்கும் குறைந்தபட்ச மார்க்கைத் தாண்டுவதுதான் நம்மவர்களுக்குப் பெரிய வாசற்படி.

ஆனால் சக்கரத்தின் மேல் சறுக்குவதில் நாம் சளைத்தவர்கள் அல்ல. தமிழ்நாட்டுப் பிள்ளை ஆனந்த்குமார் வேல்குமார், 2025-ல் சீனாவில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம். 2023 ஆசியப் போட்டியில் தொடர் சறுக்கில் வெண்கலம் வாங்கிய நம் ஆண்கள் அணியிலும் அவர் இருந்தார். பெண்கள் அணியிலும் வெண்கலம். அதில் கார்த்திகா ஜகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் நம் ஊர்ப் பெண்கள். அந்த ஆண்கள் பந்தயத்தில் ஒரு கூத்து நடந்தது. தென் கொரியர், ஜயித்துவிட்டோம் என்று கோட்டுக்கு முன்பே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பக்கத்தில் வந்த தைவான்காரர் காலை நீட்டினார். விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தங்கம் தைவானுக்குப் போயிற்று. அங்கே கடிகாரம் தீர்ப்புச் சொல்லியது. கமிட்டிக்கு வேலை இல்லை.

அப்படியானால் கடிகாரம் இருக்கிற விளையாட்டில் தேர்வுத் தொல்லை இல்லையா என்று கேட்கிறீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்டத்துக்கு, 2021 ஜூலை 4 அன்று பாட்டியாலாவில் பெண்களுக்குத் தேர்வோட்டம் வைத்தார்கள். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். பெற்றோரை இழந்து, பாட்டியின் கூலிச் சம்பாத்தியத்தில் வளர்ந்து, ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடிய பெண். அன்று எல்லாரும் ஒரே தடத்தில், ஒரே வெயிலில் ஓடினார்கள். கடிகாரம் காட்டியதை எல்லாரும் பார்த்தார்கள். விஷயம் முடிந்தது. ரேவதியோடு நம் சுபா வெங்கடேசனும், திருச்சி தனலட்சுமியும் டோக்கியோவுக்குப் போனார்கள்.

போனவர்களில் பந்தயத்தில் ஓடியது ரேவதியும் சுபாவும்தான். தனலட்சுமிக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் வெளியூரில் இருந்த சமயத்தில், இங்கே ஊரில் அவருடைய அக்காள் காலமாகிவிட்டார். பெண்ணின் மனம் கலங்கக் கூடாதென்று தாயார் சொல்லாமலே மறைத்துவிட்டார். திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் தனலட்சுமிக்கு விஷயம் தெரிந்தது. திருச்சி விமான நிலையத்தில் மாலையோடு வரவேற்க வந்தவர்கள் முன்னிலையில், அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து அழுததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

கடிகாரம் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்து பி. யு. சித்ரா, 2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். ஆசியச் சாம்பியனுக்கு லண்டன் உலகப் போட்டியில் ஓட உரிமை உண்டு. ஆனால் நம் தேசியச் சங்கத்தின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டார் உத்தரவிட்டார்கள். அதற்குள் பெயர் கொடுக்கும் தேதி கடந்துவிட்டது. சர்வதேசச் சங்கம் மறுத்துவிட்டது. கையிலே தங்கம், கோர்ட்டிலே தீர்ப்பு. ஆனால் ஓட்டம் இல்லை.

* * *

கடைசிக்கென்று ஒரு கதையை வைத்திருக்கிறேன்.

1994 ஜனவரி 6. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம். தேசியப் போட்டிக்குப் பயிற்சி முடித்து வெளியே வந்த நான்ஸி கெரிகனை, ஓர் ஆள் தடியால் முழங்காலுக்கு மேலே அடித்துவிட்டு ஓடினான். போட்டியாளரான டோனியா ஹார்டிங்கின் முன்னாள் புருஷனுடைய ஏற்பாடு அது என்று பிறகு வெளியாயிற்று. கெரிகன் ஆட முடியவில்லை. ஹார்டிங் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தது பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. மிஷல் குவான் என்று பெயர். ஒலிம்பிக்குக்கு இரண்டே இடம்.

கமிட்டியார் என்ன செய்தார்கள்? அடிபட்டவர் அடிபட்டதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்று கெரிகனைச் சேர்த்தார்கள். ஹார்டிங்கின் மேல் அப்போது எதுவும் நிரூபணமாகவில்லை, அவரையும் அனுப்பினார்கள். சிறுமி குவான், யாராவது ஆட முடியாமல் போனால் ஆடுவதற்கென்று, மாற்று ஆளாக நார்வே போய்க் காத்திருந்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கெரிகன் வெள்ளி வாங்கினார். ஹார்டிங் எட்டாவது. அந்த ஜூனில் ஹார்டிங்கின் தேசியப் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள்; ஆனால் ஒலிம்பிக் நடந்து முடிந்த பிறகு அதனால் யாருக்கு என்ன லாபம்?

குவான் வளர்ந்தார். ஐந்து முறை உலகச் சாம்பியன். ஒன்பது முறை தேசிய சாம்பியன். ஒலிம்பிக்கில் மட்டும் 1998-ல் வெள்ளி, 2002-ல் வெண்கலம். தங்கம் கைக்கு வரவில்லை. 2006 வந்தது. வயது இருபத்தைந்து. இடுப்பருகே அடிபட்டு, தேசியப் போட்டியில் ஆடவே முடியவில்லை. "எனக்கு ஓர் இடம் கொடுங்கள்" என்று விண்ணப்பம் போட்டார். பனிரண்டு வருஷத்துக்கு முன் கெரிகனுக்குச் சொன்ன அதே நியாயத்தைக் கமிட்டி இவருக்கும் சொல்லியது. ஐந்து பேர் கலிபோர்னியாவுக்குப் போய், அவர் பழகும் இடத்திலேயே ஆடச் சொல்லிப் பார்த்துவிட்டு, சரி என்றார்கள்.

இதனால் இடம் இழந்தவர், தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்த எமிலி ஹ்யூஸ். பள்ளிக்கூடம் போகிற பெண். 2002-ல் குவானை முந்தித் தங்கம் வாங்கினாரே ஸாரா ஹ்யூஸ், அவருடைய தங்கை!

குவான் இத்தாலிக்குப் போனார். டூரின் நகரத்தில் முதல் நாள் பயிற்சியிலேயே வலி மறுபடி பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியிருக்கலாம். ஆட முடியவில்லை என்று மற்றொரு நாள் சொல்லியிருக்கலாம். போட்டிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, பிப்ரவரி 12 அன்று, விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மாற்று ஆள் பறந்து வருவதற்கு அவகாசம் வேண்டும் அல்லவா?

எமிலி ஹ்யூஸ் அப்போது நியூயார்க்குக்குப் பக்கத்தில் தம் வீட்டில் இருந்தார். அங்கே பனிப்புயல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வழியாக விமானம் ஏறி, டூரின் போய்ச் சேர்ந்து, ஆடி, ஏழாவதாக வந்தார். மிஷல் குவான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டார்.